வார்டோ: கப்பல் நிற்கும் ஒரு மணிநேரம் போதாது

நோர்வேயில் பேர்கனுக்கும் கிர்கெனெஸுக்கும் இடையில் ஓடும் கரையோரக் கப்பலில் முழுச்சுற்று போகிறவர்கள் வார்டோவை இரண்டு தடவை தொடுவார்கள். வடக்கே போகையில் விடியப்புறம் மூன்று மணி தாண்டிக் கப்பல் அணையும். சாமான் ஏற்றி இறக்கிய கையோடு கிளம்பிவிடும். பயணிகளில் முக்கால்வாசிப் பேர் நல்ல நித்திரையில் இருப்பார்கள். தெற்கே திரும்புகையில் பின்னேரம் நாலு மணியளவில் வந்து ஏறக்குறைய ஒரு மணிநேரம் நிற்கும். அதற்குள் எல்லாரும் கோட்டைக்கு விரைந்து நடந்து, நாலு படம் எடுத்து, மூச்சு வாங்கத் திரும்பி ஏறுகிறார்கள். வார்டோ பார்த்தாயிற்று என்றும் சொல்லிக்கொள்கிறார்கள்.

34 துறைமுகங்களைத் தொட்டுப்போக வேண்டிய கப்பல், ஒரு ஊருக்கு அதைவிட எவ்வளவு நேரம் கொடுக்கும்? அது விளங்குகிறது. ஆனால் நோர்வேக் கரையில் எங்கே இறங்கித் தங்கலாம் என்று என்னிடம் யாராவது கேட்டால், பேர்கன், ஓலெசுண்ட் போன்ற வடிவான ஊர்களை விட்டுவிட்டு இந்த மரமில்லாத சின்னத் தீவைத்தான் சொல்வேன். கப்பலில் துறைமுகத்திலிருந்து துறைமுகத்துக்கு என்று தனி ரிக்கெற் எடுக்கலாம். பக்கத்து நகரமான வாட்சோவிலிருந்து 75 கிலோமீற்றர் தான், பஸ்ஸிலும் வரலாம். எதிர்க்கரையில் ஸ்வார்ட்னெஸ் என்ற இடத்தில் சிறிய விமானத் தளமும் இருக்கிறது.

வார்டோ நோர்வேயின் கிழக்குக் கோடியில் உள்ள நகரம். வரைபடத்தில் ஒரு கோடு போட்டுப் பார்த்தால் சென் பீட்டர்ஸ்பர்க்கும் இஸ்தான்புலும் இதற்கு மேற்கே வரும். ஆனாலும் கடிகாரம் ஒஸ்லோ நேரத்தில்தான் ஓடுகிறது. இன்று ஏறக்குறைய 2000 பேர் வாழும் ஊர். மீன், கோட்டை, ரஷ்ய வணிகம், போர், ராடார் என்று எல்லாமே கடல் வழியாகத்தான் இங்கே வந்திருக்கின்றன. நல்லது கெட்டது இரண்டையும் மறைக்காமல் வைத்திருக்கிறார்கள். எனக்கு இந்த ஊரில் மிகவும் பிடித்தது அதுதான்.

முதலில் ஸ்டெய்ல்னெசெட் நினைவகம். வேறு எதற்கும் நேரம் இல்லாவிட்டாலும் இதற்காக மட்டும் இறங்கலாம். 17ஆம் நூற்றாண்டில் சூனியக் குற்றம் சாட்டிக் கொல்லப்பட்டவர்களுக்கான நினைவிடம் இது. 1600இலிருந்து 1692 வரை, வார்டோ அடங்கிய பின்மார்க் மாவட்டத்தில் 91 பேர் கொல்லப்பட்டார்கள், 77 பெண்களும் 14 ஆண்களும். அந்தக் காலத்தில் மாவட்டத்தின் மொத்த மக்கள்தொகையே 3000 அளவில்தான் இருந்தது. அதை மனதில் வைத்துக்கொண்டு உள்ளே போங்கள்.

சுவிற்சர்லாந்துக் கட்டடக் கலைஞர் பீட்டர் சும்தோரும் சிற்பி லூயிஸ் பூர்ஷ்வாவும் சேர்ந்து செய்த வேலை. 2011 ஜூன் மாதம் அரசி சொன்யா திறந்து வைத்தார். பூர்ஷ்வா அதற்கு முந்தைய ஆண்டே இறந்துவிட்டார். அவருடைய கடைசிப் பெரிய படைப்புகளில் ஒன்று இது. கட்டணம் இல்லை, காவலாளி இல்லை, இரவு பகல் எந்த நேரமும் திறந்திருக்கும். நான் இரவு பதினொரு மணிக்குப் போனேன். ஜூன் மாதம் என்பதால் வெயில் இருந்தது.

கட்டடத்தைத் தூரத்திலிருந்து பார்த்தால் கருவாடு காயப்போடும் மரச்சட்டங்கள் என்றுதான் நினைப்பீர்கள். இந்தக் கரை முழுவதும் காட் மீனை உப்பில்லாமல் காற்றில் காயவைக்கும் சட்டங்கள் நிற்கின்றன. சும்தோர் வடிவத்தை அங்கிருந்துதான் எடுத்தார். அந்த நீண்ட மரச்சட்டத்துக்குள் பாய்மரத் துணியில் செய்த ஒரு கூடு, 125 மீற்றர் நீளம், கம்பிகளில் இழுத்துக் கட்டித் தொங்கவிடப்பட்டிருக்கிறது. சரிவுப் பலகையில் ஏறிக் கதவைத் திறந்தால் ஒரே இருட்டு. இரண்டு பேர் எதிரெதிராக வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய ஒடுக்கமான வழி. இரு பக்கமும் சின்னச் சின்ன ஜன்னல்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு உயரத்தில். ஜன்னலுக்கு ஒரு மின்குமிழ் வெறும் வயரில் தொங்குகிறது. மொத்தம் 91. பின்மார்க்கின் வீடுகளில் குளிர்காலத்தில் ஜன்னலோரம் விளக்கு வைப்பது வழக்கம்; இங்கே ஆளுக்கொரு விளக்கு.

ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு பட்டுத் துணி தொங்குகிறது. அதில் அந்த ஒருவரின் கதை. பெயர், ஊர், விசாரணை நடந்த நாள், சாட்டிய குற்றம், தீர்ப்பு. வரலாற்றாசிரியர் லீவ் ஹெலனெ வில்லும்சென் அன்றைய நீதிமன்றப் பதிவுகளிலிருந்து எழுதியவை. ஒரு கதையிலும் கண்ணீர் வரவழைக்கும் சொல் இல்லை. பதிவேட்டில் இருந்தது மட்டுந்தான். அதனாலேயே நெஞ்சு அடைக்கிறது. கடல்காற்று அடிக்கும்போது துணிக்கூடு முழுவதும் அசையும், மரம் கிறீச்சிடும், ஜன்னல் விளக்கு லேசாக ஆடும். வாசிப்பதை நிறுத்திவிட்டு நிற்க வேண்டியிருந்தது.

வாசித்தவற்றில் சிலவற்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1617 நத்தாருக்கு முதல்நாள் இந்தக் கடலில் திடீரென்று புயல் எழுந்து பத்துப் படகுகள் கவிழ்ந்தன. வார்டோவையும் பக்கத்துக் கீபர்க் கிராமத்தையும் சேர்ந்த 40 ஆண்கள் ஒரே நாளில் இறந்தார்கள். சிறிய ஊர்களில் அத்தனை பேர் ஒன்றாகப் போனால் யாராவது ஒருவர் மேல் பழியைப் போடத் தோன்றும். 1619இல் ஜோன் கனிங்ஹாம் என்ற ஸ்கொட்லாந்துக்காரர், அப்போது நோர்வேயையும் ஆண்ட டென்மார்க் மன்னரின் ஆளுநராகக் கோட்டைக்கு வந்தார். 1621இல் விசாரணை தொடங்கியது. எல்சே க்னுட்ஸ்டாட்டர் என்ற பெண்ணைக் கடலில் போட்டுப் பார்த்தார்கள். மூழ்கினால் குற்றமற்றவள், மிதந்தால் சூனியக்காரி. அவர் மிதந்தார். அதன்பிறகு, மீன்பிடிக் கயிற்றில் மூன்று முடிச்சுப் போட்டு, துப்பி, அவிழ்த்தோம், கடல் எழுந்தது என்று அவரிடமிருந்து ஒப்புதல் வாங்கினார்கள். தலைவி என்று குற்றம் சாட்டப்பட்ட கிர்ஸ்டன் சோரென்ஸ்டாட்டரும் அதே ஆண்டு எரிக்கப்பட்டார். வீட்டிலிருந்து வலை பின்னவும் கயிறு முறுக்கவும் செய்த மீனவக் குடும்பத்துப் பெண்களிடம் கயிற்று முடிச்சையே சாட்சியமாக்கிய கொடுமையை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது.

இன்னும் கொடியது 1662-63 குளிர்காலம். அந்த ஒரு பருவத்தில் மட்டும் இருபது பெண்கள் அளவில் கொல்லப்பட்டார்கள். சிறுமிகளையும் விட்டுவைக்கவில்லை. மாரென் ஓல்ஸ்டாட்டர் என்ற 12 வயதுப் பிள்ளை, நரகத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னாள். யார் யாரை அங்கே கண்டாள் என்றும் சொல்ல வைத்தார்கள். அவள் சொன்ன பெயர்களுக்கு உரியவர்கள் விசாரணைக்கு இழுக்கப்பட்டார்கள். அடுத்த கோடையில் மேல்முறையீட்டு நீதிபதி மான்ட்ருப் ஷோன்னெபோல் வந்து விசாரித்துப் பிள்ளைகளை விடுவித்தார். அந்தப் பிள்ளைகள் அதன்பிறகு எந்த வீட்டில், யாருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு வளர்ந்திருப்பார்கள் என்ற கேள்வி என்னை விடவே இல்லை.

கடைசி ஜன்னல்களில் ஒன்று ஆண்டர்ஸ் பவுல்சனுடையது. வடக்கு நோர்வேயின் பழங்குடிகளான சாமி (Sámi) இனத்தவர், ஏறக்குறைய நூறு வயது, தன் மேளத்தை வைத்துக் குறி சொன்னவர். 1692இல் வாட்சோவில் அவரை விசாரித்தார்கள். மேளத்தில் வரைந்திருந்த ஒவ்வொரு உருவத்துக்கும் அவர் நீதிமன்றத்தில் விளக்கம் சொன்னார். தீர்ப்பு வருவதற்குள், காவலில் தூங்கிக்கொண்டிருந்த அவரைப் புத்தி பேதலித்த ஒருவன் கோடரியால் வெட்டிக் கொன்றான். மேளம் கோப்பன்ஹேகனுக்குப் போனது. 1979இல் இரவலாக நோர்வேக்கு வந்தது. 2022இல்தான் டென்மார்க் அதன் உரிமையைச் சாமி மக்களுக்குத் திருப்பிக் கொடுத்தது. இன்று அது காரஷோக் ஊரில் இருக்கிறது. வார்டோவுக்கு வந்தவர்கள் கார் வைத்திருந்தால் அந்த மேளத்தையும் பார்த்துவிட்டுப் போவது நல்லது.

நீண்ட கூட்டை விட்டு வெளியே வந்தால் பக்கத்தில் கறுத்த கண்ணாடியில் ஒரு கட்டடம். அது பூர்ஷ்வாவின் பகுதி. நடுவில் ஒரு இரும்புக் கதிரை. அதன் இருக்கையிலிருந்து நெருப்பு எரிந்துகொண்டே இருக்கும். சுற்றிவர ஏழு பெரிய நீள்வட்டக் கண்ணாடிகள் குனிந்து பார்க்கின்றன. நெருப்பை மட்டுமல்ல, நம் முகத்தையும் அவை காட்டும். பலர் இதைத்தான் உச்சம் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கதிரையும் நெருப்பும் வலுவான காட்சிதான், ஆனால் பார்த்த உடனேயே அது சொல்ல வந்தது முடிந்துவிடுகிறது. சும்தோரின் இருட்டுவழியில் ஒவ்வொரு பெயராகத் தாண்டும்போது நேரம் போகப் போகப் பாரம் ஏறுகிறது. முதலில் நெருப்பைப் பார்த்துவிட்டுப் பிறகு ஜன்னல்களுக்குப் போங்கள். அந்த ஒழுங்குதான் சரி என்று நினைக்கிறேன்.

ஒரு குறை. பட்டுத் துணியில் உள்ளதெல்லாம் நோர்வேஜிய மொழியில்தான். அது தெரியாதவர்கள் போகுமுன் கொஞ்சம் வாசித்துவிட்டுப் போகவேண்டும், இல்லையென்றால் விளக்குகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். மற்றது, உள்ளே வெளிச்சம் குறைவு. கண் பழகும்வரை வாசலில் நின்றுவிட்டு நடப்பது நல்லது. வயதானவர்களைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போங்கள்.

அப்புறம் கோட்டை. கப்பல் பயணிகள் ஓடுவது இதற்குத்தான். வார்டோஹூஸ் கோட்டையின் முதல் வடிவம் 1300களின் தொடக்கத்தில் எழுந்தது. இப்போது நாம் பார்ப்பது 1734இலிருந்து 1738 வரை கட்டியது, எட்டு முனை நட்சத்திர வடிவம். உலகத்தின் வடகோடியில் உள்ள கோட்டை இதுதான். பெரிய மதில், அரண்மனை என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும். புல் முளைத்த மண்மேடு, உள்ளே சில தாழ்ந்த வீடுகள், பீரங்கிகள், கொடிமரம். கடற்படையினர் சிலர் இன்னும் கடமையில் இருக்கிறார்கள். மேட்டில் ஏறி ஒருமுறை சுற்றி வர அதிக நேரம் பிடிக்காது. அதனால்தான் ஒரு மணிநேரக் கப்பலுக்கு இது தோதாக இருக்கிறது.

ஆனால் இந்தக் கோட்டையின் உண்மையான வேலை கோடையில் தெரியாது. நவம்பர் கடைசியில் மறையும் சூரியன் ஜனவரி 20ஐ ஒட்டித்தான் திரும்ப வரும். முழு வட்டமும் அடிவானத்துக்கு மேல் தெரிகிற முதல் நாளில் கோட்டையிலிருந்து பீரங்கி முழங்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அன்று விடுமுறை. முகில் மூடியிருந்தால் அடுத்த நாளுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். யாரையும் சுடாமல் சூரியனை வரவேற்பதற்கு வெடிக்கும் பீரங்கி என்பதைக் கேட்டபோது எனக்கு இந்த ஊர் மேல் தனிப் பிரியமே வந்துவிட்டது. மரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கே மரம் தானாக வளராது. கோட்டைக்குள் ரோவன் மரம் நட்டு, குளிர்காலத்தில் அதைப் பொதிந்து காப்பாற்றப் பார்த்திருக்கிறார்கள்.

சூரியனைப் பற்றிப் பேசுகிறபடியால் இதையும் சொல்லிவிடுகிறேன். 1769 ஜூன் 3ஆம் திகதி வெள்ளி கோள் சூரியனைக் கடந்தது. பூமிக்கும் சூரியனுக்கும் எவ்வளவு தூரம் என்று கணக்கிட உலகம் முழுவதும் வானியலாளர்கள் அதற்காகக் காத்திருந்தார்கள். டென்மார்க் மன்னர் அழைத்ததால் வியன்னாவிலிருந்து மாக்சிமிலியான் ஹெல் என்ற இயேசுசபைப் பாதிரியார் வார்டோவுக்கு வந்தார். இரவிலும் சூரியன் மறையாத இடம் என்பதால் இந்த ஊர். முகிலுக்கு நடுவே அவர் கண்டு குறித்துக்கொண்டார். ஹெல் தன் குறிப்புகளைத் திருத்திப் பொய் செய்தார் என்று பின்னால் வந்த ஒருவர் குற்றம் சாட்ட, அந்த அவப்பெயர் நெடுங்காலம் நின்றது. 1883இல் சைமன் நியூகொம்ப் என்ற அமெரிக்க வானியலாளர் மூலக் கையெழுத்துப் படியைப் பார்த்து அது பொய்க் குற்றச்சாட்டு என்று நிறுவினார். ஹெல்லுடன் வந்த யானோஸ் ஷைனோவிச் ஹங்கேரியைச் சேர்ந்தவர். இங்கே இருந்த நாட்களில் சாமி மக்களின் பேச்சைக் கேட்டு, அதற்கும் தன் தாய்மொழிக்கும் உறவு இருப்பதைக் காட்டி 1770இல் ஒரு நூல் எழுதினார். மொழிகளை ஒப்பிட்டு ஆராயும் துறையின் முன்னோடி நூல்களில் அது ஒன்று. இவ்வளவும் நடந்த ஊரை எத்தனை பேருக்குத் தெரியும்?

துறைமுகத்தில் பழைய மரக் கிடங்குகளுக்குள் பொமோர் அருங்காட்சியகம் இருக்கிறது. ப்ரொட்கோர்ப் என்ற வணிகக் குடும்பத்தின் கிடங்குகள் அவை. வெண்கடல் பக்கத்திலிருந்து ரஷ்ய வணிகர்கள், பொமோர்கள், கோடைதோறும் கப்பலில் வருவார்கள். ரை (rye) தானிய மாவும் மரமும் கயிறும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு மீன் ஏற்றிப் போவார்கள். இங்கே தானியம் விளையாது, அங்கே நோன்பு நாட்களுக்கு மீன் தேவை. கோடை மீனைக் காயப்போட்டால் புழுப்பிடிக்கும். அதைப் பொமோர்கள் கப்பலிலேயே உப்புப் போட்டு எடுத்துக்கொள்வார்கள். போர்க் காலங்களில் தெற்கிலிருந்து தானியக் கப்பல் வராதபோது பின்மார்க் மக்கள் பட்டினி கிடக்காமல் காத்தது பெரும்பாலும் இந்த வணிகம்தான். இரு பக்கத்தாரும் கலந்து பேசிய ருஸெனோர்ஸ்க் என்ற கலப்புமொழி ஒன்றும் பிறந்தது, சில நூறு சொற்கள்தான், பேரம் பேச அது போதும். 1917 புரட்சிக்குப் பிறகு எல்லாம் நின்றது.

அருங்காட்சியகத்தைப் பற்றிச் சொன்னால், பொருட்கள் நன்றாக இருக்கின்றன, விளக்கக் குறிப்புகள் இன்னும் கொஞ்சம் எழுதப்பட்டிருக்கலாம். மரக்கிடங்கின் மணத்துக்காகவே போகலாம்: தார், பழைய கயிறு, உப்பு. மீன் எண்ணெய் ஊறிப்போன தரைப் பலகை கறுத்து மினுங்குகிறது. ஒரு தராசு, மாவு மூட்டைகள், ரஷ்யத் தேநீர்ப் பாத்திரம் ஒன்று. பிள்ளைகளைக் கூட்டிப்போனால் தராசடியில் நின்று அவர்களோடு கதையுங்கள். ஒரு மூட்டை மாவுக்கு எத்தனை மீன் என்ற கேள்வியிலிருந்து தொடங்கினால் முழு வரலாறும் வந்துவிடும். வார்டோவுக்கு 1789இல் நகர உரிமை கிடைத்தது, ஹாம்மர்ஃபெஸ்டும் அதே ஆண்டுதான். துரும்சோவுக்கு அது 1794இல்தான் வந்தது. தெற்கத்திய நகரங்களின் வணிக ஏகபோகம் நீங்கிய காலம் அது. ரஷ்யாவோடு நேரடியாக வணிகம் செய்ய வழி திறந்ததும் இந்தக் கரை எப்படி நிமிர்ந்தது என்பதை அந்தக் கிடங்குகளின் அளவே காட்டும்.

1893இல் நோர்வேயின் துருவப் பயணி ஃபிரித்யோஃப் நான்சன் ‘ஃப்ராம்’ கப்பலில் வட துருவப் பனிக்குள் போனாரே, நோர்வேக் கரையில் அவர் கடைசியாக விடைபெற்றது இங்கேதான், ஜூலை 21ஆம் திகதி. மூன்று வருடம் கழித்து, 1896 ஆகஸ்டில், உயிரோடு இருக்கிறாரா என்றே உலகம் அறியாதிருந்தபோது வந்திறங்கியதும் இங்கேதான். நேரே தந்தி அலுவலகத்துக்குப் போனார். பனியின் நகர்வைப் பற்றிய தன் கருத்தால் அந்தப் பயணத்துக்கே தூண்டுதலாக இருந்த பேராசிரியர் மூன், தற்செயலாக அன்று வார்டோவில் தங்கியிருந்தார். இருவரும் சந்தித்துக்கொண்டார்கள்.

இனி படகு. வார்டோத் துறைமுகத்திலிருந்து ஹோர்னோயா தீவுக்குச் சிறிய படகு போகிறது, பத்துப் பதினைந்து நிமிடம். நோர்வேயின் கிழக்குக் கோடி அந்தத் தீவு. கரையோரப் பாறைமுகம் முழுக்கக் கடற்பறவைகள், ஏறக்குறைய ஒரு லட்சம். பஃபின், கில்லெமொட், ரேசர்பில், க்ரிக்யே என்கிற சிறு கடற்காகம், ஷாக் எனப்படும் நீர்க்காகம். இந்தச் சேவையைப் பற்றி எனக்குக் குறை எதுவும் இல்லை. படகோட்டி இறக்கிவிட்டுத் திரும்பி எத்தனை மணிக்கு வருவேன் என்று தெளிவாகச் சொன்னார், சொன்ன நேரத்துக்கு வந்தார். எந்தப் பாதையை விட்டு விலகக்கூடாது என்றும் சொன்னார். ஷாக் பறவை பாதை ஓரத்திலேயே கூடு கட்டியிருக்கிறது. கை நீட்டினால் தொடலாம், ஆனால் தொடக்கூடாது. அதன் பச்சை நிறக் கண் அசையாமல் நம்மையே பார்க்கும். தலையில் சின்னக் கொண்டை. கூட்டில் காய்ந்த கடற்பாசியோடு நீலநிற மீன்பிடிக் கயிற்றின் நார்களும் சேர்ந்திருந்தன.

இறங்கும்போதே எச்சத்தின் நாற்றம் மூக்கில் ஏறும், சத்தம் காதை அடைக்கும். தொப்பி கட்டாயம், ஏன் என்று அண்ணாந்து பார்த்தால் தெரியும். காற்றுக்கு ஒதுங்க ஒரு மரத்தடுப்பு கட்டியிருக்கிறார்கள். வார்டோவிலேயே இயங்கும் பயோடோப் என்ற கட்டடக் கலை நிறுவனத்தின் வேலை. பறவை பார்க்க வருபவர்களுக்கு இப்படியான மறைவிடங்களை வறாங்கர் கரை முழுவதும் அமைத்திருக்கிறார்கள். அந்தத் தடுப்புக்குள் குந்தியிருந்து, வாயில் நாலைந்து சிறு மீன்களைக் குறுக்காகக் கவ்விக்கொண்டு பஃபின் வந்திறங்குவதைப் பார்த்தேன். குளிரில் விரல் விறைத்துப்போனது, எழும்ப மனம் வரவில்லை.

2023இல் பறவைக் காய்ச்சல் வந்து இந்தக் கரையில் க்ரிக்யேக்கள் ஏராளமாகச் செத்தன. அந்த இனம் ஏற்கெனவே குறைந்துகொண்டே வருகிறது. இப்போது அவை பாறையை விட்டு ஊருக்குள்ளும் வந்து கட்டடங்களின் ஜன்னல் விளிம்புகளில் கூடு வைக்கின்றன. அவற்றின் எச்சத்தைத் தினமும் கழுவிக்கொண்டு அவற்றோடு வாழ்வது இலேசில்லை. ஊரவர் பலர் அதைச் செய்கிறார்கள். நோய்க் காலங்களில் தீவில் இறங்குவதற்குக் கட்டுப்பாடு வரலாம், வருமுன் துறைமுகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குள் நடப்பதற்கு ஒரு பின்னேரம் ஒதுக்குங்கள். 1944இல் ஜெர்மன் படை பின்வாங்கியபோது வார்டோவின் மூன்றில் இரண்டு பங்கு அழிந்தது. அதன்பிறகு கட்டிய சாதாரண மரவீடுகள்தான் அதிகம், ஆகவே பழமையின் அழகைத் தேடி வரவேண்டாம். 1982இல் கடலுக்கடியில் சுரங்கப்பாதை திறந்தார்கள், நோர்வேயில் முதலாவது அது. 2.9 கிலோமீற்றர் நீளம், கடல் மட்டத்துக்கு 88 மீற்றர் கீழே போகும். பாதை வந்தும் ஆட்கள் குறைந்தார்கள். எண்பதுகளின் கடைசியில் காட் மீன் நெருக்கடி, அதன்பின் பிடிக்கும் உரிமை கைமாறியது, மீன் தொழிற்சாலைகள் மூடப்பட்டன. 2012இல் பூபெல் என்ற நோர்வேச் சுவரோவியர் பல நாட்டு ஓவியர்களை அழைத்து வந்து பாழடைந்த வீடுகளில் வரையச் செய்தார். சில படங்கள் வெளிறிவிட்டன, சில வீடுகளைத் திருத்திக் குடியேறிவிட்டார்கள். வீடு திருந்தியதால் ஓவியம் போனது என்றால் அதில் எனக்குச் சந்தோஷம்தான். குன்றின் மேல் வெள்ளைக் கோளமாக நிற்பது குளோபஸ் ராடார், நோர்வேயின் இராணுவ உளவுத்துறையுடையது. ரை மாவு வந்த ரஷ்யத் திசையைத்தான் இப்போது அது பார்த்துக்கொண்டிருக்கிறது.

பின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில் எண்பதுகளின் பிற்பகுதியிலிருந்து நம்மவர்கள் நிறைய வேலை செய்தார்கள். என் சின்ன மாமாவும் இந்தக் கரையில் ஓர் ஊரில் காட் மீன் வெட்டியவர். இரண்டு கையுறை போட்டும் விரல் விறைக்கும் என்பார், இருட்டு மாதங்களில் தொலைபேசியில் அம்மாவோடு நெடுநேரம் கதைப்பார். பிறகு பலரைப் போல அவரும் ஒஸ்லோவுக்கு இறங்கிவிட்டார். இந்த ஊர்கள் காலியான கதையில் நம்முடைய குடும்பங்களும் இருக்கின்றன. அதனால் மூடிக்கிடந்த தொழிற்சாலைக் கட்டடத்தைத் தாண்டும்போது நான் வெறும் சுற்றுலாப் பயணியாக நடக்கவில்லை.

சாப்பாடு, தங்குமிடம் சுருக்கமாக. தங்கிய இடத்தில் சூடாக்கி சரியாக வேலை செய்யவில்லை, ஜன்னல் திரை வெளிச்சத்தை மறைக்கவும் இல்லை. கோடையில் தூங்கும்போது கண்ணை மறைத்துக் கட்டும் பட்டி எடுத்துப்போவது அவசியம். துறைமுகத்தடியில் சாப்பிட்ட காட் மீன் நன்றாக இருந்தது, உருளைக்கிழங்கும் உருக்கிய வெண்ணெயும் மட்டும் சேர்த்து, மீனின் இனிப்புத் தெரிகிற மாதிரி. சிவப்பு ராஜ நண்டும் கிடைக்கும். 1960களில் சோவியத் விஞ்ஞானிகள் பாரென்ட்ஸ் கடலில் விட்ட நண்டு அது, நடந்து நடந்து நோர்வே வரை வந்துவிட்டது. ருசிதான், விலையும் அப்படியே. என்னைக் கேட்டால் காட் மீனே போதும். ஞாயிற்றுக்கிழமை வந்திறங்குகிறவர்கள் முதல்நாளே பாண், பழம் வாங்கிக் கையில் வைத்திருங்கள், கடைகள் பூட்டியிருக்கும்.

பறவைக்காக வருவதென்றால் ஏப்ரலிலிருந்து ஜூலை நடு வரை வாருங்கள். ஆகஸ்டில் பாறை காலியாகிவிடும். பீரங்கிக்காக என்றால் ஜனவரி கடைசி, ஆனால் புயல் அடித்தால் கப்பலும் வராது விமானமும் இறங்காது, கையில் நாள் வைத்துக்கொண்டு வரவேண்டும். நினைவகத்துக்கு எந்த மாதமும் சரி. ஊரில் அறைகள் மிகவும் குறைவு, அதனால் முதலில் அறையைப் பதிவு செய்துவிட்டுப் பிறகு கப்பல் ரிக்கெற் எடுங்கள்.